பயலைப் புகழ்ந்த பாவம்

ஃபாதர் லொர்கன் கைப்பிடி மண்ணை அள்ளி ஜெபத்தை ஆரம்பித்த நேரம் பார்த்துத்தான் அந்தக் குதிரைக்குட்டி கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. வந்ததோடு விட்டதா என்றால் இல்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது, ஃபாதரை ஒரு பார்வை பார்த்தது, கினான் கிழவரின் பெட்டி இறங்கியிருந்த குழியை எட்டிப் பார்த்தது. பிறகு கொஞ்சம் பின்னால் போய், ஓடிவந்து, குழிக்கு மேலே சுத்தமாக ஒரு தாண்டு தாண்டி, அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்த மலர்வளையத்தைத் தின்ன ஆரம்பித்தது. ஃபாதர் கையிலிருந்த மண் அவர் ஷூவின் மேலேயே விழுந்தது.

கினான் கிழவர் ஆயுசு முழுக்கப் பந்தயத்தில் பணம் கட்டித் தோற்றவர். அவர் பெண்டாட்டி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உசிரோட இருந்தவரைக்கும் இவர் பணம் கட்டின குதிரை ஒண்ணுகூட இவ்வளவு கிட்ட வந்ததில்ல" என்றாள். துக்கத்துக்கு வந்திருந்த பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பேர் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மலக்கிக்கு மானம் போயிற்று. குட்டி அவனுடையது. சரியாகச் சொன்னால் அவனுக்குப் பாதி, அவன் அக்கா கான்செப்டாவுக்குப் பாதி. அப்பா போகும்போது பண்ணையை அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார், இரண்டு பேரும் சாகும்வரை சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அறுபதைத் தாண்டியும் ஒரே அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்து, ஒரே மேஜையில் முறைத்துக்கொண்டு சாப்பிட்டு, அப்பாவின் ஆசையை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றி வருகிறார்கள்.

மலக்கி ஓடிப்போய்க் குட்டியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். கான்செப்டா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குட்டி கால் ஊன்றி எழும்பிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழியோரத்து ஈரமண் கொஞ்சமும் சரியவில்லை. அவளுக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

"இவனைப் பந்தயத்துக்கு விடமாட்டேன்" என்று சாயங்காலம் டீ ஊற்றும்போது சொன்னாள். "தடை தாண்டுற போட்டிக்காரங்க யாருக்காவது வித்துடலாம்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா? இவன் தரோபிரெட், பந்தயத்துக்குன்னே வளர்த்த ஜாதி. அப்பன், பாட்டன், முப்பாட்டன் அத்தனை பேரும் ஓடினவங்க."

"அம்மாவும்தான் ஓடினா. என்ன கிழிச்சா?"

குட்டியின் அம்மா பெயர் பிஷப். பதிவில் 'பிஷப்பின் சாக்கு' என்று முழுப்பெயர் இருக்கிறது. அவ்வளவையும் வயலில் நின்று கத்த யாருக்குப் பொறுமை? வெறும் பிஷப் ஆகிவிட்டாள். ஃபாதர் லொர்கன் வந்தால் மட்டும் 'பெரியவ' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அவள் ஓடிய காலத்தில் கடைசியாக வருவதையே கொள்கையாக வைத்திருந்தாள். பெற்ற குட்டிகளும் அம்மா பேச்சைத் தட்டாத குட்டிகள். ஒவ்வொன்றையும் மலக்கி பந்தயக்காரர்களுக்கு விற்றான். அடுத்தது ஜெயிக்கும், அடுத்தது ஜெயிக்கும் என்று கோப்பை வைக்கச் சமையலறை அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருக்கிறான். அந்த இடத்தில் இப்போது கான்செப்டா வெங்காயம் வைக்கிறாள்.

தோற்றால் பரவாயில்லை. மூன்றாவதாகப் பிறந்த செந்நிறப் பெட்டைக்குட்டி ஓடும்போது முன்னங்கால் முறிந்து விழுந்தது. சுற்றிப் பச்சைத் திரை கட்டினார்கள். திரை கட்டினால் எதற்கென்று பந்தயத் திடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கான்செப்டா வேலியேறிக் குதித்துத் திரைக்குள்ளே போய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது அவள் கையில் கடிவாளம் மட்டும் இருந்தது. மலக்கி அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. அதற்கப்புறம் அவள் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. ஆனால் குட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பாதி உரிமைக்காரன் பிடிவாதம் பிடித்தால் இன்னொரு பாதி என்ன செய்யும்?

இந்தத் தடவை அவள் விடவில்லை. பிஷப்புக்கு வயசாகிவிட்டது, இதுதான் கடைசிக் குட்டி. "மே மாசம் பொறந்தவன்டா இவன்" என்றாள். "பந்தயத்துல எல்லாக் குதிரைக்கும் ஜனவரி ஒண்ணாந் தேதிதான் பொறந்தநாள்னு கணக்கு. குளிர் காலத்துலயே பொறந்து வளந்து நிக்கிற தடியன்களோட இந்தப் பயலை ஓடவிட்டா என்ன ஆவான்?"

மலக்கி ரொம்ப நேரம் மீசையைத் தடவினான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நவம்பரில் பந்தயக் குட்டிகள் ஏலம். அதற்கு முந்தின சனிக்கிழமைக்குள் தடை தாண்டுகிற ஆள் ஒருத்தர் வந்து வாங்கினால் சரி. இல்லையென்றால் பயல் ஏலத்துக்குப் போவான், அக்கா வாயைத் திறக்கக் கூடாது.

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. பயல், அவ்வளவுதான். விற்கப்போகிற உயிருக்குப் பெயர் வைத்து ஆசையை வளர்த்துக்கொள்வானேன் என்பது கான்செப்டாவின் கட்சி. ஆசை அதுபாட்டுக்கு வளர்ந்தது, அது வேறு விஷயம்.

அக்டோபர் முழுக்க ஒருத்தரும் வரவில்லை. சவ அடக்கத்துப் படம்தான் ஃபோன் ஃபோனாகப் போய், கடைசியில் ஜெர்மனியில் ஒருவர் கண்ணில் பட்டது. பெயர் எக்கார்ட். வடக்கே கடலோரத்தில் பண்ணை வைத்திருந்தார். அவர் மகள் பெரிய போட்டிகளில் குதிரையேறித் தடை தாண்டுகிறவள். ஏலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, பளபளவென்று ஒரு காரில் வந்து இறங்கினார். அவர் பேசிய மொழி புத்தகத்தில் கற்ற மொழி, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

மலக்கி பயலை நடக்கவிட்டுக் காட்டினான், ஓடவிட்டுக் காட்டினான். எக்கார்ட் குனிந்து கால்களைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மிகச் சிறப்பு. இவ்வளவு நேர்த்தியான தோள் அமைப்பை நான் அண்மையில் கண்டதில்லை."

கான்செப்டா காத்திருந்தாள். கிறிஸ்துவைக் கும்பிடுகிற ஊர்தான் என்றாலும் கில்டோரனில் ஒரு குழந்தையையோ மாட்டையோ குதிரையையோ புகழ்ந்தால் கூடவே 'கடவுள் காப்பாத்தட்டும்' என்று ஒரு வார்த்தை போட்டாக வேண்டும். போடாவிட்டால் கண் பட்டுவிடும். கண்ணாவது மண்ணாவது என்று கடைத்தெருவில் பேசுகிறவன்கூட வீட்டுத் தொழுவத்துக்கு வந்தால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

எக்கார்ட் சொல்லவில்லை. கான்செப்டா இருமிக் காட்டினாள். "கடவுள்..." என்று எடுத்தும் கொடுத்தாள்.

"ஆம், வானிலை மோசமாகத்தான் இருக்கிறது" என்றார் அவர். "பின்கால்களின் வலிமை அபாரம். கண்களில் அறிவு தெரிகிறது. இது ஓர் அற்புதமான விலங்கு."

மலக்கி மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய், கண் படாமலிருக்க மரக்கதவைத் தொட்டுக்கொண்டான். ஒன்றா இரண்டா, கொட்டோ கொட்டென்று கொட்டுகிறார் பாவி மனுஷர். இத்தனையும் பயல் தலையில் இறங்கினால் நாளைக்குக் காலைக்குள் குட்டி விழுந்துவிடாதா? கான்செப்டாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கண் பட்டதைத் திட்டி இறக்குவது.

"தோளா? தூரத்துலேருந்து பாத்தா அப்படித் தெரியும்" என்றாள். "கிட்டப் போனா ஒண்ணும் கெடையாது."

எக்கார்ட் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? பின்கால்கள்?"

"கோணல்."

"குணம் எப்படி?"

"கழுதைக் குணம். கடிக்கும். சொன்ன பேச்சுக் கேக்காது. சாவு விழுந்த எடத்துலகூட மரியாதை தெரியாது."

"தாயின் வழி?"

"அவளா? ஓடின பந்தயத்துல எல்லாம் கடைசி. குதிரைங்க பின்னாடி ஆம்புலன்ஸ் ஒண்ணு வரும் பாருங்க, அது ஒரு தடவை இவளை முந்திட்டுப் போச்சு."

இதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளூர் ஆளாக இருந்தால் இவள் திட்டத் திட்ட அவனுக்கு ஆசை கூடும். அவனும் பதிலுக்கு நாலு குறை சொல்லுவான். வாசல் கதவுவரை போவான், திரும்புவான், மறுபடி போவான். கடைசியில் உள்ளங்கையில் துப்பி ஓங்கி ஒரு அறை அறைந்து பேரத்தை முடிப்பார்கள். கான்செப்டா வேறு எப்படியும் விற்றுப் பார்த்ததில்லை.

எக்கார்டின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, முப்பது ஆண்டுகளாகக் குதிரை வாங்குகிறேன். எந்த விற்பனையாளரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. என் கண் தவறிவிட்டது. உங்களுக்கு மிக்க நன்றி." கையைக் குலுக்கினார். கதவைத் தாண்டிக் காரில் ஏறினார்.

"திரும்பி வருவாரு" என்றாள் கான்செப்டா.

கார் பின்னால் வந்தது, வளைந்தது, போயே போய்விட்டது. அவள் உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள், மூன்று கோப்பை எடுத்து வைத்தாள். தண்ணீர் கொதித்து வற்றியது. மலக்கி ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

"ஆம்புலன்ஸ் முந்திட்டுப் போச்சா? எங்கேருந்துக்கா புடிச்ச அதை? நான் வாயே தொறக்கல பாத்தியா. ஒப்பந்தப்படி நடந்துக்கிட்டேன். நீயே வித்துக் கெடுத்துட்ட."

"வாயை மூடுடா" என்றாள். மூன்றாவது கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். அது அழுக்கே ஆகவில்லை.

இரவெல்லாம் அவளுக்குப் பச்சைத் திரைதான். விடிந்ததும் தொழுவத்திலிருந்து வந்தவள் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஜீப்பை எடுத்தாள். மலக்கி ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டான். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஊரில் வெளியாள் தங்க ஒரே இடம்தான், நோரீனின் மதுக்கடை மாடி.

சனிக்கிழமை காலை அந்தக் கடையில் ஊரே இருக்கும். பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள், பேப்பர் வாங்க வந்தவர்கள், பெண்டாட்டிக்குப் பயந்து வந்தவர்கள். எக்கார்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரித்த பன்றிக்கறியை முட்டையோடு ஒழுங்காக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கான்செப்டா சேறு சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றாள்.

"பயலோட தோள் நல்ல தோள்" என்றாள்.

நோரீன் ஊற்றிக்கொண்டிருந்த டீ கோப்பை நிறைந்து வழிந்தது. கான்செப்டா தன் வீட்டு உருப்படியைத் தானே புகழ்ந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவள் மட்டும் என்ன, யாருமே அப்படிச் செய்ததில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர்தான் முதலில் சுதாரித்தார். "கடவுள் காப்பாத்தட்டும்" என்று முணுமுணுத்தார்.

"பின்கால் கோணல்னு சொன்னது பொய். நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"கடவுள் காப்பாத்தட்டும்" என்றார்கள் நாலைந்து பேர்.

"எல்லாக் குட்டியும் பயத்துல தாண்டும். இவன் பாத்துட்டுத் தாண்டுவான். பால்குடி மறக்கட்டும்னு போன மாசம் பக்கத்து வயல்ல விட்டோம். நடுவுல கல்லு சுவரு. நாங்க வீடு திரும்பறதுக்குள்ள அவன் அம்மாகிட்ட நின்னான். மலக்கி சுவத்து மேல இன்னொரு வரிசை கல்லு வச்சான், அதையும் தாண்டினான். மேல இன்னொண்ணு. தாண்டினான். அப்புறம் மலக்கிகிட்ட கல்லு தீந்துபோச்சு. மேல இருந்த ஒரு கல்லைக்கூட அவன் கால் தட்டல."

"கடவுள் காப்பாத்தட்டும்." இப்போது பூசையில் பதில் சொல்வதுபோல் கடை மொத்தமும் சேர்ந்து சொன்னது. நோரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ மேஜையைத் தட்டித் தொட்டுக்கொண்டார்கள். எக்கார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கடிக்க மாட்டான். என் கோட்டு பையில கேரட் இருந்தா கோட்டைக் கடிப்பான், அந்தப் பழக்கம் நான் பண்ணினது. வழியில கோழி படுத்திருந்தா சுத்திப் போவான். பிஷப்புக்கு வயித்து வலி வந்து படுத்துக்கிட்டப்ப பக்கத்துல நின்னு மூக்கால தள்ளித் தள்ளி எழுப்பினான். இவனை மாதிரி ஒண்ணு எங்க தொழுவத்துல இதுக்கு முன்னாடி பொறந்ததில்ல. இனிமே பொறக்கவும் போறதில்ல. பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு நெறஞ்சு போவுது."

இந்தத் தடவை பதில் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. பிறகு எல்லோரும் மெதுவாகச் சொன்னார்கள்.

எக்கார்ட் கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, எனக்குப் புரியவில்லை. நேற்று நீங்கள் கூறியது பொய்யா, இன்று கூறுவது பொய்யா?"

"நேத்து சொன்னது மரியாதைக்கு. இன்னிக்கு சொல்றது மானத்தை விட்டு."

"குட்டி இவ்வளவு நல்லதென்றால் ஏன் விற்கிறீர்கள்?"

"நீங்க வாங்கலேன்னா திங்கக்கிழமை பந்தய ஏலத்துக்குப் போயிடுவான். இவனோட அக்காவைத் திரைக்குள்ள என் மடியில வச்சுத்தான் சுட்டாங்க. இன்னொரு தடவை அதை என்னால பாக்க முடியாது."

எக்கார்ட் மலக்கியைப் பார்த்தார். "ஐயா, பாதி உங்களுடையது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மலக்கி ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். 'அவ நேத்து சொன்னதுதான் சரி' என்று ஒரு வரி சொன்னால் காரியம் முடிந்தது. திங்கட்கிழமை பயல் ஏலத்தில் நிற்பான், அலமாரியிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிடலாம். கடை முழுக்க அவன் வாயைப் பார்த்தது. கான்செப்டா பார்க்கவில்லை. அவள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எங்கம்மா செத்தப்ப இவகிட்ட ஃபாதர், உங்கம்மா எப்படிப்பட்டவங்கன்னு கேட்டாரு. 'ஏதோ சமாளிச்சா'ன்னு சொன்னா. அதுக்கு மேல இவ வாயிலேருந்து யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. இன்னிக்கு இவ்வளவு வந்திருக்குன்னா, அந்தப் பய மனுஷனா பொறந்திருந்தா போப்பாண்டவர் ஆயிருப்பான். எடுத்துக்கிட்டுப் போங்க. ஓடறதுக்கு அவன் ஆகமாட்டான்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். "அவன் அக்கா விழுந்தப்பவும் நான் வண்டியை விட்டு எறங்கியிருக்கணும்."

விலை படிந்தது. யார் உள்ளங்கையில் யார் துப்புவது என்று எக்கார்டுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரமாயிற்று.

இரண்டு வாரம் கழித்து லாரி வந்தது. எக்கார்டும் கூடவே வந்திருந்தார். பயலை ஏற்றப் போகும்போது கான்செப்டா தடுத்தாள்.

"அன்னிக்குத் தொழுவத்துல நீங்க கொட்டின புகழ்ச்சி இன்னும் இவன் மேலதான் இருக்கு. நீங்கதான் எறக்கணும். இவன் மேல துப்புங்க."

எக்கார்ட் ரொம்ப யோசித்தார். "எந்த இடத்தில்?"

"எங்க வேணா துப்புங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பயலின் தோளில், தாம் முதலில் புகழ்ந்த இடத்திலேயே, மிகுந்த மரியாதையோடு துப்பினார். "கடவுள் காப்பாற்றுவாராக" என்றும் சொன்னார். பயல் திரும்பி அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டான். கான்செப்டா அவன் நெற்றியைத் தடவினாள், காதைத் தடவினாள், பையிலிருந்த கேரட் எல்லாவற்றையும் கொடுத்தாள். கதவைச் சாத்திய பிறகும் கையை எடுக்காமல் நின்றாள். லாரி நகர்ந்ததால்தான் கை கீழே வந்தது.

மேட்டு வயலிலிருந்து பிஷப் கத்தினாள். லாரிக்குள்ளிருந்து பயல் பதில் கொடுத்தான். வளைவு தாண்டியதும் அது நின்றுவிட்டது. பிஷப் மட்டும் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். கான்செப்டா ஏப்ரன் நுனியில் மூக்கைச் சிந்தினாள். மலக்கி பக்கத்தில் வந்து வேலிமேல் சாய்ந்துகொண்டான். இரண்டு பேரும் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நெஞ்சு நெறஞ்சு போவுதுன்னு சொன்னல்ல" என்றான்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. அறுபது வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். என்னைப் பத்தி அந்த மாதிரி ஒரு வார்த்தை நீ சொன்னதில்ல."

கான்செப்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பொத்தான் போன கோட்டு, கோணல் தொப்பி, அழுதுவிடுவானோ என்று பயப்படுகிற மாதிரி ஒரு முகம்.

"உன்னை நான் எவனுக்கும் விக்கப்போறதில்லையேடா" என்றாள்.